மூன்றாவது டிஸ்க்

மீன் கருகுகிற வாடை வருகிறதாம். கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற மைதீன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "என்னலே எபி, காலங்காத்தால மீன் பொரிக்கியா?" என்று கேட்டான். எபனேசர் கறுத்துக் கிடக்கிற கம்ப்யூட்டர் திரையிலிருந்து திரும்பாமலே, "நான் எங்க பொரிக்கேன், கீழ மெஸ்ஸுல பொரிக்கான். இந்த வாடைக்குள்ளதான் நம்ம பொழப்பு" என்றான். எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. குரல்வளையை எடுத்த பிறகு காற்று எனக்குக் கழுத்துக் குழி வழியாகத்தான் போய்வருகிறது. மூக்கு, கண்ணாடியைத் தாங்குவதற்காக மட்டும் முகத்தில் இருக்கிறது. அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்தாலும், மழை பெய்து மண் நனைந்தாலும் எனக்கு ஒன்றுதான். குரலைத்தான் எடுக்கிறோம் என்று சொல்லிவிட்டு வாசனையையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். அதைப் போய்க் கேட்டவள் என் வீட்டுக்காரி முப்பிடாதி. அது கூடவே போவதுதானே அம்மா, தனியாகச் சொல்லணுமா என்றாராம் டாக்டர். அவள் வந்து என்னிடம் அப்படியே சொன்னாள். நான் தலையை ஆட்டினேன். வேறென்ன செய்ய? இப்போது எபனேசரின் கை என் பக்கம் நீளுகிறது, திரும்பாமலே, விரல்களை மட்டும் ஆட்டிக்கொண்டு. "அதக் குடுங்க அண்ணாச்சி, மாட்டிருவோம். செத்த மூக்கம்மா வீட்டு ஆட்டோ கீழ நிக்கி. மூணு மணிக்கு எடுக்காங்களாம்." மடியில் மஞ்சப்பை, பைக்குள் மூன்றாவது ஹார்ட் டிஸ்க், முப்பிடாதியின் பழைய சேலைத் துண்டில் சுற்றிவைத்தது. பையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறேன். கொடுக்க மாட்டேன். அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் உயிரோடு போன இரண்டு டிஸ்க் பிணமாக வெளியே வந்திருக்கின்றன. மைதீன் பார்க்கட்டும். பார்த்துச் சொல்லட்டும், டிஸ்க்கா கரண்டா என்று.

டிஸ்க்கா, கரண்டா. ஒரு வாரமாக இதுதான் மண்டைக்குள் ஓடுகிறது. பல் துலக்கும்போது டிஸ்க், வாய் கொப்பளிக்கும்போது கரண்டு. யாரிடமும் வாய்விட்டுக் கேட்க முடியாத கேள்வி உள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து அரிக்கிறது. பேசுகிறவர்களுக்கு இது தெரியாது, அவர்கள் கேட்டுவிட்டுத் தூங்கிவிடுவார்கள். டிஸ்க்தான் குற்றவாளி என்றால் எல்லாம் முடிந்தது. மூன்றும் ஒரே நாளில் ஒரே கடையில் எபனேசர் வாங்கிவந்தவை, ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி ஒரே அச்சு. இரண்டுக்கு வந்தது மூன்றாவதுக்கும் வரும், எந்தப் பெட்டியில் மாட்டினாலும் வரும், இன்னும் ஒரு தடவை சுற்றவிடுவதே கடைசிச் சுற்றாக இருக்கும். அப்போது கிடைக்கிற நாலைந்து நிமிடத்தில் எதை முதலில் எடுப்பது? எபனேசர் எதை எடுப்பான் என்று எனக்குத் தெரியும். மூக்கம்மாவுக்கு வேண்டியதை எடுப்பான். கரண்டுதான் குற்றவாளி என்றால், பெட்டிக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற அந்த எஸ்எம்பிஎஸ்தான் இரண்டையும் கொன்றது என்றால், என் மடியில் இருப்பது பிழைத்தது. கொலைகாரனிடமிருந்து தள்ளி வைத்தால் போதும். பெட்டி கெட்டதாக இருக்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருக்கிறேன். எபனேசருக்கோ டிஸ்க் கெட்டதாக இருக்க வேண்டும், பெட்டி அவன் பார்த்துப் பார்த்துக் கட்டியது. "டூப்ளிகேட் டிஸ்க்க நம்ம தலையில கெட்டிட்டான் மைதீன். போர்டு போட்டு ஏமாத்துதான். பெட்டியில ஒண்ணுங் கெடயாது, நீ வேணும்னா பாரு." மைதீன் பையிலிருந்து கரண்டு பார்க்கிற மீட்டரை எடுக்கிறான். சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர், நுனியில் ஊசி. என் தொண்டைக்கு யாரும் இப்படி மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை. பீடி உண்டா, இல்லை. சுருட்டு, இல்லை. தண்ணி, இல்லை. வெற்றிலை, கல்யாண வீட்டில் மட்டும். பிறகு எதனால் வந்தது என்றால், அதெல்லாம் அப்படித்தான் பெரியவரே, சிலருக்கு வரும். ஒரு பெட்டி கெட்டால் கரண்டா டிஸ்க்கா என்று உட்கார்ந்து பார்க்க ஆள் வருகிறது. எனக்கு, அப்படித்தான்.

இந்த மாடி அறை, அறிவிப்புப் பதிவு செய்கிற கடை. ஆட்டோவில் குழாய் கட்டிக்கொண்டு ஒரு குரல் தெருத்தெருவாகப் போகுமே, இன்னார் இயற்கை எய்தினார், இன்ன தெருவிலிருந்து இறுதி ஊர்வலம் புறப்படும் என்று, இந்தக் கோவில்பட்டியிலும் சுற்றுப்பட்டிகளிலும் அந்தக் குரல் என்னுடையது. வெயிலுமுத்து என்று ஒரு ஆள் இருப்பது முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. நானும் தெரிவிக்கவில்லை. எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொல்வார்களே என்று பயந்து ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நாலு முகம் பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கதவைச் சாத்திவிட்டு மைக்கையும் என்னையும் தனியாக விட்டால் மட்டும் வேறொரு ஆள் உள்ளேயிருந்து எழுந்து வருவான். ஒரு எழுத்துத் தேயாது, ஒரு பெயர் பிசகாது. டீக்கடையில் நான் நின்றுகொண்டிருக்கும்போதே ஆட்டோ போகும், ஆட்கள் கிளாஸைப் பிடித்தபடி நிமிர்ந்து கேட்பார்கள். ஒரு பொம்பளை ரோட்டிலேயே மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நிற்கிற என்னைத் தள்ளிவிட்டுத்தான் ஓடினாள். அதில் எனக்கு வருத்தம் இல்லை, அப்போது. தொண்டையில் கட்டி என்று தெரிந்து, மதுரையில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தபோது எபனேசர் அழுதான். உண்மையாகவே அழுதான். மறுநாள் காலையில் சட்டைப்பை நிறையத் தாள்களோடு வந்து நின்றான். ஊர்ப் பெயர்கள், தெருப் பெயர்கள், ஒன்று முதல் நூறு, எல்லா இனிஷியலும், அன்னாரின் துணைவியார், அன்னாரின் மூத்த மகன், ஆண் பெயர்கள், பெண் பெயர்கள், அகர வரிசையில். "குரல் போகட்டும் அண்ணாச்சி, சொல்லு இருந்தாப் போதும். வெட்டி ஒட்டிக்கிடலாம். நீங்க இல்லேன்னாலும் நீங்க இருப்பீக." கட்டி உறுத்த உறுத்த, இந்த அறையில் உட்கார்ந்து வாசித்தேன். எச்சிலில் ரத்தம் வந்தது. வெந்நீர் கொடுத்துவிட்டு அடுத்த தாளை வைத்தான். வாசித்ததை மூன்று டிஸ்க்கிலும் நகல் எடுத்து வைத்தான். ஒரு ஊருக்கு வேண்டிய எல்லாச் சொல்லும் அதில் இருக்கிறது. ஒரு வீட்டுக்கு வேண்டிய ஒரு சொல்லும் இல்லை. சாப்பிட்டியா இல்லை, கதவைச் சாத்து இல்லை, தண்ணி கொண்டா இல்லை. எபனேசர் எழுதிக்கொண்டு வரவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

"பன்னெண்டு காட்டுது" என்கிறான் மைதீன். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வருகிற வயர்க்கொத்தைப் பிரித்து வெளியே போட்டிருக்கிறான். ஒரு கம்பித் துண்டை வளைத்துப் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் இணைத்ததும் உள்ளே ஏதோ விழித்துக்கொண்டது. மஞ்சள் வயர்தான் டிஸ்க்கின் மோட்டாருக்குப் போகிறதாம். அதில் பன்னிரண்டு வோல்ட் இருக்க வேண்டுமாம். பன்னிரண்டு இருக்கிறது. பன்னிரண்டுக்கு மேலேயே ஒரு நூல் இருக்கிறது. சிவப்பில் ஐந்து இருக்க வேண்டும், ஐந்து இருக்கிறது. எபனேசர் தொடையில் தட்டுகிறான். "நான் சொன்னம்லா! பெட்டி தங்கம். டிஸ்க்குதான் களவாணி." பைக்குள் கையை விட்டுச் சேலைத் துண்டுக்கு மேலேயே டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்கிறேன். சில்லென்று இருக்கிறது. இது என்னது என்று முப்பிடாதி கேட்டபோது, என் குரல் என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன். எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு உள்ளங்கையை அதன் மேல் வைத்தாள். "சூடே இல்லியே" என்றாள். ஆனால், இல்லை, இதில் ஏதோ சரியில்லை. சும்மா நிற்கும்போது யாரும் நன்றாகத்தான் நிற்பார்கள். எனக்குக் கண் போதாது, காது உண்டு. இரண்டாவது டிஸ்க் சாவதற்கு முன் எப்படிச் சத்தம் போட்டது என்று எனக்குத் தெரியும். சுற்று ஏறும், ஏறும், மூச்சு வாங்கினது போல் இறங்கும், மறுபடி ஏறும். பல்லி சொல்வது போல் ஒரு டிக். காலையில் சொல்லாது, பெட்டி ஓடி ஓடிச் சாயங்காலம் ஆன பிறகுதான் சொல்லும். சுமை கொடுத்துப் பார்க்க வேண்டும், நேரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். சிலேட்டை எடுத்து எழுதுகிறேன். சும்மா பார்த்தால் தெரியாது, வேலை... இந்தக் குச்சி வேறு மங்கி மங்கி எழுதுகிறது. நான் கடைசி எழுத்துக்கு வருவதற்குள் மைதீன் தானாகவே சொல்கிறான், "இதுல ஒண்ணுந் தெரியாதுலே. சும்மா இருக்கையில எல்லாவனும் யோக்கியந்தான். வேலை குடுத்துப் பாக்கணும்." சிலேட்டைக் கவிழ்த்து வைத்துக்கொள்கிறேன். எப்போதும் இப்படித்தான். நான் எழுதி முடிக்கும்போது பேச்சு அடுத்த தெருவுக்குப் போயிருக்கும். எழுதியதைத் தூக்கிக் காட்டினால், ஆமா அண்ணாச்சி, அதத்தான் சொன்னோம் என்பார்கள்.

மைதீன் பைக்குள் துழாவி ஒரு ஆட்டோ ஹெட்லைட் பல்பை எடுக்கிறான். இதுதான் சுமையாம். அதை மஞ்சள் வயரிலும் கறுப்பு வயரிலும் மாட்டியதும் பளீரென்று எரிகிறது. மீட்டர் பன்னிரண்டுக்குக் கொஞ்சம் கீழே இறங்கி நிற்கிறது. "நிக்கில்லா?" என்கிறான் எபனேசர். "நிக்கி. இன்னுங் கொஞ்சம் நேரம் போகட்டும்." கீழே ஆட்டோக்காரன் ஆரன் அடிக்கிறான். எபனேசர் சன்னல் வழியாக எட்டி, "பொறுடே, செத்தவ ஓடியா போயிருவா?" என்று கத்துகிறான். கீழேயிருந்து பதில் வருகிறது, "அவ போமாட்டா, எம் பெட்ரோல் போயிரும்!" மைதீன் சிரிக்கிறான். நானும் சிரித்தேன் போல, கழுத்துத் துணி படபடத்தது. பல்பையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். போன மாதம் கரண்டு போன ஒரு சாயங்காலம். வீடு முழுக்க இருட்டு. நான் உள்ளறையில் கட்டிலில் இருந்தேன், அவள் பின்கட்டில். "இருக்கீகளா?" என்று கேட்டாள். இருக்கிறேன். "இருக்கீகளா, எங்க இருக்கீக?" சுவரில் தட்டினேன். எலி என்று நினைத்தாளோ என்னவோ, மறுபடி கேட்டாள், குரல் கலங்கிப்போய். எழுந்து சுவரைத் தடவிக்கொண்டு போய் அவள் தோளைத் தொட்டதும் அலறிவிட்டாள். பிறகு இரண்டு பேரும் இருட்டிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டோம். நெடுநேரம் கழித்து, கோபமில்லாமல், குழம்புக்குப் புளி போதுமா என்று கேட்கிற மாதிரி சொன்னாள்: "ஊருல உள்ளவ பேரையெல்லாம் சொன்னீக. எம் பேர ஒருநாளும் சொல்லிக் கூப்பிட்டதில்ல." உண்மைதான். இந்தா, இங்க பாரு, ஏய், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் யார் அப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்? எங்கள் தெருவிலேயே எவனாவது கூப்பிட்டானா? அவளும்தான் என் பெயரை ரேஷன் கடையில்கூடச் சொல்ல மாட்டாள், கார்டை நீட்டுவாள். ஆனால் அந்த இருட்டில் எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை, வாய்விட்டு, மைக் முன்னால். பெண் பெயர் வரிசையில், மு-வில், அவள் பெயரும் இருந்தது. எபனேசருக்கு அது அவள் பெயர் என்றே தெரியாது, அவனுக்கு அவள் மதினி. மற்றப் பெயர்களோடு பெயராக அதையும் வாசித்தேன், ஒரு எழுத்துத் தேயாமல், கடைசியில் குரலைத் தாழ்த்தி, இழவுக்குச் சொல்கிற தாழ்வில். இருந்தால் என்ன, என் குரல், அவள் பெயர். அது இந்த உலகத்தில் இப்போது என் மடியில் மட்டும் இருக்கிறது.

இதை எபனேசரிடம் எப்படிக் கேட்பது? அந்தப் பெயரை மட்டும் என் போனில் போட்டுக் கொடு என்று சிலேட்டில் எழுதிக் காட்ட வேண்டும். காட்டினால் என்ன சொல்வான் என்று எனக்குக் கேட்கிறது. என்ன அண்ணாச்சி, இந்த வயசுல லவ்வா? மைதீனும் சேர்ந்துகொள்வான். ஒரு வாரமாகச் சிரிப்பார்கள், டீக்கடை வரைக்கும் போகும். கெட்ட மனசு இல்லை அவர்களுக்கு. கெட்ட மனசு இருந்தால் சமாளித்துவிடலாம். பல்பு மங்குகிறது. எனக்குத்தான் கண் மறைக்கிறதோ என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டுகிறேன். இல்லை, மங்குகிறது. மீட்டரில் பதினொன்றரை. பதினொன்று. மைதீன் குனிகிறான். பத்தரை. மறுபடி பதினொன்றுக்கு ஏறுகிறது, பல்பும் ஏறுகிறது, இறங்குகிறது, பத்து. மூச்சு வாங்குகிறது. இதே ஏற்றம் இறக்கம்தான், இதே மூச்சுதான், நான் காதால் கேட்டதை இப்போது கண்ணால் பார்க்கிறேன். அந்த மோட்டார் சுற்றச் சுற்ற, பாதியில் கரண்டு விட்டுப்போய், எழுதுகிற முள் எங்கேயோ போய் இடித்து, மறுபடி எழுந்து, மறுபடி விழுந்து. கரண்டுதான். டிஸ்க் இல்லை, கரண்டுதான். என் கழுத்துக் குழியில் காற்று விசிலடிக்கிறது. எத்தனை நாள் கழித்து ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்திருக்கிறது. "அள்ளா, தோசக்கல்லு மாதிரில்லா சுடுது" என்று மைதீன் எஸ்எம்பிஎஸ் மேலிருந்து கையை உதறுகிறான். "காத்தாடி சுத்துதா இல்லியாலே?" சுவரோடு ஒட்டிக் கிடந்த பெட்டியை இழுத்து, பின்பக்கத்தைத் திருப்புகிறான்.

காற்று வெளியேறுகிற வட்டச் சல்லடையில், வட்டமாகவே வெட்டிய நுரைப்பஞ்சு. கறுப்பு டேப் போட்டு நாலு பக்கமும் அழகாக ஒட்டியிருக்கிறது. பஞ்சு தூசியேறி, அடுப்புக்கரி நிறத்தில் இருக்கிறது. மைதீன் டேப்பைப் பிய்த்து அதைக் கையில் வைத்துக்கொண்டு எபனேசரைப் பார்க்கிறான். "என்னதுலே இது? தலகாணியா?" எபனேசர் பஞ்சை வாங்கித் திருப்பிப் பார்க்கிறான். பிறகு, "அந்தக் காத்தாடி இரைச்சல் மைக்குல விழுந்துதுடே. அண்ணாச்சி வாசிக்கையில ஊஊன்னு கூடவே வந்துச்சு. குரல் சுத்தமா இருக்கணும்னுதான..." என்று இழுக்கிறான். எனக்கு ஞாபகம் இருக்கிறது. தாள்களோடு வந்த மறுநாள். "இப்பப் பாருங்க அண்ணாச்சி, சத்தமே இல்ல, பள்ளிவாசல் மாதிரி இருக்கு" என்றான், நானும் நன்றாக இருக்கிறது என்று கட்டைவிரலைத் தூக்கினேன், தொண்டையை மிச்சம் பிடிப்பதற்காக அப்போதே பேச்சைக் குறைத்திருந்தேன். எப்படி நிறுத்தினான் என்று கேட்கவில்லை. வாசித்து முடித்தாயிற்று, ஆபரேஷன் முடிந்தாயிற்று, மைக்கை உறைக்குள் போட்டு அலமாரியில் வைத்தாயிற்று. வெட்டி ஒட்டுகிற வேலைக்கு மைக் எதற்கு, மைக் இல்லாத அறையில் காத்தாடி இரைந்தால் யாருக்கு என்ன? பஞ்சை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. இல்லாத ஒரு குரல் சுத்தமாக இருக்க வேண்டும் என்று அது அன்றிலிருந்து அந்த வாயை அடைத்துக்கொண்டே இருந்திருக்கிறது, உள்ளே வெந்து வெந்து, இருக்கிற குரலை ஒவ்வொன்றாகத் தின்றிருக்கிறது. மைதீன் நாலு திருகைக் கழற்றி எஸ்எம்பிஎஸ் மூடியைத் திறக்கிறான். கரண்டைத் தேக்கிவைக்கிற கண்டென்சர்கள் தலை வீங்கி நிற்கின்றன, இரண்டு வெடித்துக் காப்பிப் பொடி நிறத்தில் கசிந்திருக்கின்றன. அதை எபனேசர் மூக்குக்குக் கீழே நீட்டுகிறான். "மோந்து பாரு. மெஸ்ஸா இது? இதுதாம்லே உன் மீனு." எபனேசர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். மைதீன் என் பக்கமும் நீட்டுகிறான், மரியாதைக்காக. பிறகு நினைவு வந்து கையை இழுத்துக்கொள்கிறான். இந்த அறையில் தினமும் அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவன் நான். மூக்கு இருந்திருந்தால் நான் கண்டுபிடித்திருப்பேன், முதல் டிஸ்க்கிலேயே கண்டுபிடித்திருப்பேன். மூக்கு உள்ளவனுக்குக் கீழே மெஸ் இருந்தது.

"உங்களுக்காகத்தான வச்சேன் அண்ணாச்சி." எபனேசர் என் முன்னால் வந்து உட்கார்ந்து சொல்கிறான். கண் கலங்கியிருக்கிறது. இவனுக்குக் கண் சீக்கிரம் கலங்கும். எனக்காகத்தான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது எனக்காக, ரத்தம் வர வர வாசிக்க வைத்தது எனக்காக, மூன்று நகலையும் ஒரே கடையில் வாங்கி ஒன்றன்பின் ஒன்றாக ஒரே பெட்டிக்குள் சொருகியது எனக்காக. ஒன்று போனதும் அடுத்ததை மாட்டினான், அதுவும் போனதும் இதற்குக் கை நீட்டினான். அதை அவனிடம் எழுதிக் காட்டலாம். சிலேட்டு கையில்தான் இருக்கிறது. ஆனால் இவ்வளவு நீளமான கசப்பை எழுத அதில் இடம் இல்லை, சின்னச் சிலேட்டு. அவன் முழங்காலில் தட்டுகிறேன், போகட்டும் என்று. அவனுக்கு உடனே முகம் தெளிந்துவிட்டது. "அப்பம் டிஸ்க் நல்லதுதானடே? குடுங்க அண்ணாச்சி, நேரமாயிட்டு." மைதீன் குறுக்கே கையை நீட்டுகிறான். "உம் பெட்டிப் பக்கமே அது வரப்படாது. எங்கிட்டக் குடுங்க அண்ணாச்சி, என் லேப்டாப்புல மாட்டுதேன். மொதல்ல நகல் எடுப்போம். அப்புறந்தான் இழவு." அவனிடம் கொடுக்கிறேன். சேலைத் துண்டைப் பிரிக்க எனக்கு நேரமாவதைப் பார்க்காத மாதிரி வயரை எடுக்கத் திரும்பிக்கொண்டான். மாட்டுகிறான். காதைக் கொண்டுபோய் அதன் மேல் வைக்கிறேன். சுற்று ஏறுகிறது, ஏறுகிறது, ஏறி நிற்கிறது. டிக் இல்லை. மூச்சு வாங்கவில்லை. திரையில் மஞ்சள் மஞ்சளாக டப்பாக்கள் திறக்கின்றன, ஊர்கள், தெருக்கள், எண்கள், ஆண், பெண். பச்சைக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக நகர்கிறது. கொடியில் நீர் ஏறுகிற வேகம். நான் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கீழே ஆரன் கேட்கிறது, யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பாதி. முக்கால். கோடு வலது ஓரத்தைத் தொட்டு மறைகிறது. "முடிஞ்சுது" என்கிறான் மைதீன். "இனிமே இது செத்தாலும் கவலையில்ல. சாயங்காலம் இன்னும் ரெண்டு நகல் போட்டு, ஒண்ண அண்ணாச்சி வீட்டுல வச்சிருவோம்." பிழைத்துவிட்டது. சேலைத் துண்டை நாலாக மடித்துப் பைக்குள் வைக்கிறேன்.

எபனேசர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான். பெண் பெயர்கள். மூக்கம்மாளைத் தேட வேண்டும். அந்த வரிசையை வெட்டாமல் ஒரே பதிவாக வைத்திருக்கிறான். சோம்பேறி, தேவைப்படும்போது தாவித் தாவிப் போய் எடுத்துக்கொள்வான். ஸ்பீக்கரைத் திருகுகிறான். அறை முழுக்க அந்தக் குரல் எழுந்து நிற்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு தெருவில் தூரத்தில் கேட்டிருக்கிறேன், ஆட்டோ வந்தால் சந்துக்குள் திரும்பிவிடுவேன். இவ்வளவு பக்கத்தில் கேட்டதில்லை. கனத்த, கூச்சமில்லாத, யாருக்கும் பயப்படாத ஆள். பாப்பாத்தி. பார்வதி. எபனேசர் தாவுகிறான். மாடத்தி. தாவுகிறான். மாரியம்மாள். எனக்கு வரிசை தெரியும். இனி மு. மெதுவாகப் போ. முத்துப்பேச்சி. மெதுவாகப் போடா. முத்துப்பேச்சி. வாசித்த அன்று அறைக்கு வெளியே படிக்கட்டில் அவள் வெந்நீர் செம்போடு உட்கார்ந்திருந்தாள், கதவு சாத்தியிருந்தது, கேட்டிருக்க மாட்டாள். முப்பி... எபனேசர் தாவிவிட்டான். மூக்கம்மாள். "ஆங், கெடைச்சிட்டு!" என்கிறான். மறுபடி போடுகிறான், மூக்கம்மாள், மறுபடி, மூக்கம்மாள். பின்னால் போ. கொஞ்சம் பின்னால், ஒரே ஒரு பெயர் பின்னால். சிலேட்டு எங்கே? டிஸ்க்கை வாங்கும்போது எங்கோ வைத்துவிட்டேன். சிரித்தால் சிரிக்கட்டும், டீக்கடை முழுக்கச் சிரிக்கட்டும். விரல் முட்டியால் மேஜையைத் தட்டுகிறேன். அவன் திரும்பவில்லை. அன்னாரின் இறுதி ஊர்வலம் என்கிற துண்டை எடுத்து மூக்கம்மாளுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறான், இரண்டுக்கும் நடுவில் மூச்சு சரியாக விழுகிறதா என்று காதைச் சாய்த்துக் கேட்கிறான். இன்னும் பலமாகத் தட்டுகிறேன். மேஜை அதிர்கிறது, மைதீனின் மீட்டர் குலுங்குகிறது. எபனேசர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே உள்ளங்கையை என் பக்கம் நீட்டி அமர்த்துகிறான்.

"சத்தம் போடாதீங்க அண்ணாச்சி. குரல் கேக்கணும்லா."

கையை எடுத்துக்கொண்டேன். மூன்று பேரும் பேசாமல் இருந்தோம். ஸ்பீக்கரில் அவன் பேசினான்.